ஏரி மேலேறிய நாளில் நான் கொடுத்த உத்தரவு

யாங்கூனில் ஓட்டல் பார்களிலும், மொத்த வியாபாரக் கிடங்குகளிலும், மது விற்பனையிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். தமிழ் பேசினால் புரியும், படிக்கத்தான் வராது என்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பர்மியத்திலேயே எழுதியிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். வேலையில் இருந்தவரை பர்மியத்தில்தான் எழுதினேன், தேவைப்பட்டால் ஆங்கிலத்தில் எழுதினேன். அதெல்லாம் முதலாளிக்காகவும் ஓட்டல்காரர்களுக்காகவும் எழுதியது. இது எனக்காகவும் உங்களுக்காகவும்.

என் பெயர் தெரேசா. வேலையிடத்தில், பெண்களுக்குப் பர்மியர் சேர்க்கும் மரியாதைச் சொல்லோடு, டோ தெரேசா. இன்லே ஏரிக்கரையில் திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கும் ஒரு தோட்டத்துக்கு யாங்கூன் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் கிடங்கு யாங்கூனின் கிழக்குப் பக்கத்துத் தாகேதாவில். வீடும் தாகேதாவில்தான் என்பதால் கிடங்குச் சாவி என் இடுப்பிலேயே இருக்கும்.

ஒயினை எப்படி அடுக்குவது, எவ்வளவு குளிரில் வைப்பது, உரிமத்தை எப்போது புதுப்பிப்பது என்பதெல்லாம் சில மாதங்களில் உங்களுக்கு வந்துவிடும். மேலே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. கேட்க ஆளில்லாத நேரத்தில், பாதி விஷயம் தெரியாமல், உடனே ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் தெரியாமல் நடந்தது புரியாது.

பாட்டில் லேபிளில் ஏரியின் படம் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயர் இல்லை. ஷான் மலைமேல், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது ஏரி. ஊர் அதன் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஊரின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் நிற்கிறது. கம்பங்களின் மேல் வீடுகள், வாசலில் படகு. மேல்பாதி கரையில். அதற்குப் பின்னால் தரை மெதுவாக உயர்ந்து சரிவாகிறது. அந்தச் சரிவில்தான் நம் திராட்சை வரிசைகள். இன்னும் மேலே போனால் பா-ஓ மக்களின் ஊர்கள், சிவப்பு மண், பூண்டு வயல்கள்.

கீழ்ப்பாதியில் இருப்பவர்கள் இன்தா மக்கள். ஏரிப்பாசியையும் சேற்றையும் சேர்த்துத் தண்ணீரின் மேலேயே மிதக்கும் பாத்தி கட்டித் தக்காளி போடுகிறார்கள். நீங்கள் யாங்கூன் சந்தையில் வாங்கும் தக்காளி பல நாள் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். தக்காளிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அது நேராக ஏரியில் இறங்குகிறது. அதனால் ஏரிமேல் குடியிருப்பவர்கள் ஏரித் தண்ணீரைக் குடிப்பதில்லை. கரையில் இருக்கும் கிணற்றுக்குப் படகில் போய்க் குடத்தில் பிடித்து வருகிறார்கள்.

திராட்சை அங்கே புதுசு. ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்தச் சரிவில் சுருட்டு இலை மரங்களும் எள்ளும்தான் இருந்தன. ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தார். எங்கள் முதலாளி ஊ ஸோ வின்னோடு சேர்ந்து செடி நட்டார். ஒரு பழத்துக்கு இத்தனை கம்பியா என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். பிறகு அவர்களே கம்பி இழுக்கவும், கவாத்து வெட்டவும், பழம் பறிக்கவும் கூலிக்குப் போனார்கள். சுற்றுலாக்காரர்கள் படகில் வந்து இறங்கி, தோட்டத்தில் உட்கார்ந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே குடித்த வருஷங்கள் இருந்தன. அப்புறம் நோய்க்காலம் வந்தது. அதன் பின்னாலேயே நாட்டில் கெட்ட காலம் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். சுற்றுலா நின்றது.

தோட்டம் அப்போதே மூடியிருக்கும். மூடாமல் காப்பாற்றியது யாங்கூன்தான். வெளியிலிருந்து ஒயின் வருவது குறைந்ததும் இங்கே ஓட்டல்கள் உள்ளூர்ச் சரக்கைத் தேட ஆரம்பித்தன. கிராக்கி எங்கள் கிடங்கு வாசலுக்கு வந்தது. ஏரிக்கரையில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுவதும் மூட்டாததும் யாங்கூனில் பசுண்டாங் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கையில் வந்து நின்றது. விற்பனை வேலையில் இருப்பவர்களுக்கு இது சுலபமாக மறந்துபோகும்.

நான் முதல் தடவை அந்த ஊருக்குப் போனது பாட்டில் உடைசலுக்காக. பெட்டிக்குப் பெட்டி உடைந்து வந்துகொண்டிருந்தது. டிரைவரைத் திட்டிப் பயனில்லை, பாதையைப் பார்க்கலாம் என்று லாரியிலேயே ஏறிப் போனேன். போன இடத்தில் ஆலையைச் சுற்றிப் பார்த்தேன், வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், கேட்டுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றின் சிமெண்டு வளையத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். ஒயின் கூடத்துப் பொறுப்பாளர் கோ துன்னை அங்கேதான் முதலில் பார்த்தேன். கீழ்ப்பாதியில் பிறந்தவர், என்னைவிட இளையவர். அக்கா என்பதற்கு பர்மியத்தில் அமா என்போமே, அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் போகாமல் இருந்ததில்லை. கம்பெனி அனுப்பாவிட்டாலும் லீவு போட்டுப் போனேன். நீங்களும் போங்கள். நீங்கள் விற்கும் பொருள் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணில் ஒரு தடவையாவது நின்றுவிட்டு வாருங்கள். ஏன் என்பது இனிமேல் தெரியும்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயம். மலையெல்லாம் நாள்கணக்காகக் கொட்டித் தீர்த்திருந்தது. யாங்கூனிலும் தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் கவலை வேறாக இருந்தது. எல்லைப் பாதை மூடியிருந்ததால் காலி பாட்டில்கள் வரவில்லை. பாட்டில் இல்லாததால் அந்த வருஷத்து ஒயின் முழுக்க ஆலையின் டேங்குகளிலேயே கிடந்தது. ஆற்றோரத்துப் பெரிய ஓட்டல் ஒன்று கல்யாண சீசனுக்கு எங்கள் வெள்ளை ஒயினை மொத்தமாகக் கேட்டிருந்தது. அந்த ஆர்டருக்காக நான் ரொம்ப நாள் நடையாய் நடந்திருந்தேன். முதலாளி இதய ஆபரேஷனுக்காக பாங்காக் போயிருந்தார். எந்தத் தொந்தரவும் தரக்கூடாது என்று அவர் மனைவி எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மத்தியானம் போன் வந்தது. கரண்ட் இல்லை, கிடங்கில் புழுக்கம். நானும் ஸ்டோர் பார்க்கிற செல்வமும் மழைநீர் கசிந்த மூலையிலிருந்து பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். பேசியது கோ துன். பேச்சு பர்மியத்தில்தான் நடந்தது, நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அமா, ஏரி ஊருக்குள்ள வந்திருச்சு. கீழ் வீடெல்லாம் கூரை மட்டும்தான் தெரியுது. ஜனங்க எல்லாம் இங்க ஆலைக் கொட்டகையில இருக்காங்க."

யாருக்காவது ஆபத்தா என்று கேட்டேன். எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள் என்றார். மழை விட்டு வெயில் அடிக்கிறது, ஆனால் மலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏரி இன்னும் ஏறுகிறது என்றார். ஊர்க் கிணறு முழுகிவிட்டது. மிச்சமிருப்பது ஆலையின் ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான். அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில், சரிவின் அடியில் இருக்கிறது. வெள்ளம் கேட்டைத் தொட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் கிணற்றின் வாய் முழுகிவிடும். முழுகினால் அந்தத் தண்ணீரும் கெட்டது, மோட்டாரும் போனது.

நான் சோறு சாப்பிட்ட சிமெண்டு வளையம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியும். அவர் மிகைப்படுத்தவில்லை.

ஜெனரேட்டருக்கு இன்றைக்கு ஓடுமளவு டீசல் இருக்கிறது, இப்போதே ஓட்டினால் நல்ல தண்ணீரை மேலே ஏற்றிவிடலாம் என்றார். ஏற்றி எதில் வைப்பது? குடங்களும் டிரம்களும் அத்தனை பேருக்கு இரண்டு நாள்கூடக் காணாது. வெள்ளம் வடிய வாரக்கணக்கில் ஆகும். பெரிய பாத்திரம் என்று அந்த மலையடிவாரத்தில் இருப்பது ஒயின் டேங்குகள் மட்டும்தான். எல்லாம் நிறைந்து கிடக்கின்றன.

எந்த டேங்க் என்று கேட்டேன்.

"உள்ளே இருக்கிற சிவப்புக்கு ஹோஸ் எட்டாது. வாசல் பக்கம் இருக்கிற பெரிய வெள்ளைதான்." என்றார். "உங்க ஓட்டல் சரக்கு, அமா."

செல்வம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். செல்வம் நல்ல மனுஷன், கோழை இல்லை. அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஏரித் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கட்டுமே என்றார். பூச்சிமருந்து கொதிக்க வைத்தால் போகாது, மிதந்து வருகிற கக்கூஸ் அழுக்கு வேறு, காய்ச்ச நினைத்தாலும் விறகெல்லாம் ஈரம் என்றேன். மேலே பா-ஓ ஊர்களில் ஊற்று இருக்குமே என்றார். அதை நானே கோ துன்னிடம் கேட்டேன். மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, கிழவர்களும் குழந்தைகளும் ஏற முடியாது என்றார். அரசாங்கப் படகோ உதவிப் படகோ வராதா என்று கேட்டேன். வரும், எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார்.

கேள்விகள் தீர்ந்துவிட்டன. இப்படி ஒரு இடம் வரும், பிள்ளைகளே. அதற்குமேல் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் பதில் சொல்வதைத் தள்ளிப்போடத்தான் உதவும்.

செல்வம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அக்கா, நீங்க எதுவும் சொல்லாதீங்க. மொதலாளி வரட்டும்னு மட்டும் சொல்லிருங்க. நாளைக்கு உங்க தலையிலதான் விழும்."

கோ துன்னும் வால்வைத் தொடத் தயங்கினார். அவர் தயங்கியதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. "இந்த ஒயினை வித்துத்தானே அமா அடுத்த அறுவடைக்குக் கூலி கொடுக்கணும். நான் இதைத் தொறந்து விட்டா, இதே ஜனம் நாளைக்கு என்னைக் கேக்கும்."

அவர் சொன்னது உண்மை. அந்த டேங்கில் இருந்தது முதலாளியின் ஒயின் மட்டும் அல்ல. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களின் அடுத்த வருஷத்துச் சோறும் அதில் இருந்தது. ஒரு பக்கம் தப்பும் ஒரு பக்கம் சரியும் இருந்தால் முடிவெடுக்க யார் வேண்டுமானாலும் போதும். இரண்டு பக்கமும் சரி இருக்கிறபோதுதான் உங்களைக் கூப்பிடுவார்கள்.

"நாளைக்குக் கேக்கறதுக்கு ஆளுங்க இருக்கணும், கோ துன்," என்றேன். "தொறங்க."

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. இப்பவே எழுதி அனுப்பறேன்."

போனை வைத்த உடனே ஒரு செய்தி எழுதினேன். வெள்ளை ஒயின் டேங்கைக் காலி செய்து குடிநீர் நிரப்பும்படி உத்தரவு கொடுத்தது நான், கோ துன் என் உத்தரவின்படி செய்கிறார், முழுப் பொறுப்பும் என்னுடையது. அதைக் கோ துன்னுக்கும் முதலாளியின் போனுக்கும் அனுப்பினேன். முதலாளி எப்போது படிப்பாரோ, படிக்கட்டும். விளைவு தெரிந்த பிறகு, நல்லதாக முடிந்தால் நான்தான் சொன்னேன் என்றும், கெட்டதாக முடிந்தால் நான் அப்படிச் சொல்லவில்லை என்றும் பேசுகிறவர்களை நம் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். விளைவு தெரிவதற்கு முன்பே உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள். அப்புறம் மனசு அங்கேயும் இங்கேயும் ஓடாது.

செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோ துன்னின் போன் அணைந்துவிட்டது. பிறகு அந்தப் பக்கத்து டவரே செத்துவிட்டது.

பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். செல்வம் டீக்கடையிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தார். வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. என் கணவர் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. மகள் அப்போதுதான் யாங்கூன் ஓரத்து லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரி ஆபீசில் சேர்ந்திருந்தாள். பயமாக இருந்தது. அதை மறைக்க எனக்குத் தேவையில்லை. ஆனால் சொன்னதை மாற்றவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஓட்டலுக்குப் போனேன். கொள்முதல் மேனேஜர் இளைஞர், கறாரானவர். ஏரியில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன், சரக்கு தாமதமாகுமா என்று அவரே ஆரம்பித்தார். தாமதம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். சரக்கு இல்லை, நான்தான் கொட்டச் சொன்னேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவர் முகம் இறுகியது. அந்த ஊர் மக்கள் மேல் தனக்கும் இரக்கம் உண்டு, ஆனால் கல்யாணத்துக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு இரக்கத்தைக் கிளாசில் ஊற்றிக் கொடுக்க முடியாது என்றார். அதுவும் சரிதான். வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து நின்றுவிட்டார். கெட்ட செய்தியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். சூடு ஆறுவதற்குள் போங்கள். அவருக்கு வேறு சரக்கு தேட நேரமாவது கிடைக்கும்.

பிறகு மௌனமான நாட்கள். கோ துன் வால்வைத் திறந்தாரா, டேங்க் நிறைவதற்குள் கிணறு முழுகிவிட்டதா, எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் சிநேகிதி ஒருத்தி, கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கினார், நீ தலைகீழாக்கிவிட்டாயே என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒயினும் போய், தண்ணீரும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி திரும்பி வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வீட்டுக்கு வரச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என் டேங்கைக் கொட்டச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"கேட்டவருக்குப் பதில் சொல்ல வேற ஆள் இல்லை."

வரும் வழியில் நான் ஒரு வாதம் தயார் செய்திருந்தேன். மழை முடிந்ததும் கவாத்து. கவாத்து வெட்டுகிற கைகள் கீழ்ப்பாதிக்காரர்களுடையவை. தண்ணீர் இல்லாமல் அவர்கள் வேறு ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார்கள், கவாத்து இல்லாவிட்டால் அடுத்த விளைச்சலே இல்லை. நல்ல வாதம். அதைச் சொன்னேன். ஆனால், போனில் பதில் சொன்ன அந்த நேரத்தில் இது என் மனசில் இல்லை, தாகம் மட்டும்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முடிவு முதலில் வந்துவிடும். காரணங்கள் பின்னால் நடந்து வந்து சேரும். அவற்றை முன்னால் வந்தவை போல நிறுத்தினால், அடுத்த தடவை நீங்கள் உங்களையே நம்ப முடியாது.

"போய்ப் பார்க்கலாம்," என்றார். டாக்டர் கூடாது என்று சொல்லியும் கிளம்பினார்.

தண்ணீர் பாதி வடிந்திருந்தது. படகில்தான் கேட்டுக்குப் போனோம். கிணற்றின் வாய் சேற்றுக்குள் இருந்தது. சரிவின் அடியில் இருந்த திராட்சை வரிசைகள் இலை கருகி நின்றன. ஆலை வாசலில், பெரிய டேங்கின் குழாயடியில், கெண்டியும் குடமுமாகப் பெண்கள் வரிசையில் இருந்தார்கள். கோ துன் வால்வைத் திறந்திருந்தார். டேங்கைக் கழுவி, நிரப்பி, நிறைந்த பிறகுதான் கிணறு முழுகியிருக்கிறது.

ஊர் மடத்துப் பெரிய பொங்ஜியும் மடம் முழுகியதால் அங்கேதான் தங்கியிருந்தார். சாராய டேங்கின் நிழலில் துறவி உட்காருவதா என்று சிலர் கூச்சப்பட்டிருக்கிறார்கள். இப்போது இது தண்ணீர்ப் பானைதானே என்று அவரே அதன் பக்கத்தில் பாய் விரிக்கச் சொன்னாராம்.

பக்கத்து ஊரில் கிணறும் இல்லை, டேங்கும் இல்லை. அங்கே வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள். அதை முதலாளியிடம் சொன்னது கோ துன். கோ துன்னின் மனைவிக்கு அது தாய்வீட்டு ஊர்.

ஒரு பெண் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் முதலாளிக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி முகர்ந்து பார்த்தார். எவ்வளவு கழுவியும் லேசாகத் திராட்சை வாசனை இருந்தது. மீதியையும் குடித்துவிட்டுக் கோ துன்னைப் பார்த்தார்.

"தெரேசா தொறக்க வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"போன் பண்றதுக்கு முன்னாடியே ஹோஸை மாட்டி வெச்சிருந்தேன், ஸயா," என்றார் கோ துன். முதலாளியை அவர் ஸயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவர் கேட்டது கூட நிற்க ஒரு ஆளை. களத்திலிருந்து உங்களுக்குப் போன் வரும்போது இதை ஒரு தடவை யோசியுங்கள். அங்கே இருப்பவருக்கு உங்கள் அறிவு தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் பெயர் தேவைப்படலாம். அதைக் கொடுப்பதற்கும் அந்த ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஊருக்காக யாரும் பெயரைக் கொடுக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் எனக்கு வரவேண்டியிருந்த மேலாளர் பதவி இன்னொருவருக்குப் போனது. முதலாளி காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைவிட்டுப் போன ஓட்டலை நீங்களே திருப்பிக் கொண்டு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். கவாத்து நேரத்துக்கு நடந்தது. கொட்டகையில் படுத்திருந்தவர்களே கத்தரியோடு வரிசைகளுக்குள் இறங்கினார்கள். சொந்த வீட்டுக் கம்பங்களை நிமிர்த்தும் முன்பே வந்தவர்கள் உண்டு. கூலியை அறுவடை விற்ற பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்களே சொன்னதாகக் கோ துன் சொன்னார். விளைச்சல் குறைவுதான். அடிச்சரிவுச் செடிகள் செத்துப்போயிருந்தன. புது வெள்ளை ஒயின் வந்ததும் முதல் பாட்டிலோடு அந்த மேனேஜரிடம் போனேன். ருசித்தார். மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். போன தடவை செய்ததையே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்பு கேட்டதில் பாதி அளவுக்கு ஆர்டர் கொடுத்தார். மீதிப் பாதியை அவர் வேறொருவரிடம் வாங்கி வைத்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்த அறுவடை முடிந்ததும் முதலாளி ஆலைக்கு ஒரு விதி போட்டார். அன்பாகப் போடவில்லை, எரிச்சலோடுதான் போட்டார். மழைக்காலம் முழுக்க வாசல் பக்கத்து டேங்க் காலியாக இருக்கவேண்டும், அப்போதுதான் இனி யாரும் என் ஒயினைக் கொட்ட மாட்டார்கள் என்றார். கிணற்றையும் சரிவில் உயரமான இடத்துக்கு மாற்றினார்.

அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் இருப்பு கேட்டு ஆலைக்குப் போன் செய்தால் ஒரு டேங்க் காலி என்பார்கள். யாங்கூனில் கிராக்கி ஏறும், சரக்கு போதாது, ஒரு டேங்க் சும்மா நிற்கிறதே என்று கணக்குப் பார்க்கிற யாராவது கேட்பார்கள். புது மேலாளர் கேட்கலாம். வாடிக்கையாளர் கேட்கலாம். நீங்களேகூட நினைக்கலாம். முதலாளிக்கும் வயதாகிவிட்டது, அவருக்குப் பிறகு அந்த விதி எழுத்தில் இருக்குமோ இருக்காதோ.

நிரப்பச் சொல்லாதீர்கள். ஆர்டர் போனால் போகட்டும். யார் சொன்னது என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.